காலாண்டு லாபத்துக்காக ஆராய்ச்சியை நிறுத்துவது தவிர்க்க முடியாததா?

கேள்வி:
எங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக உருவாக்கிவந்த ஒரு கருவி சோதனைக் கட்டத்தை எட்டியிருந்த நிலையில், காலாண்டு முடிவதற்குச் சில நாட்கள் முன்பு அந்தப் பணியை நிறுத்தி, குழுவில் பாதிப் பேரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிறுவனம் நட்டத்தில் இல்லை. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் இப்படித்தான் நடக்குமா, வேறு விதமாக நடந்துகொண்டவர்கள் உண்டா?

பதில் 1:
இதில் கணக்கு எழுதும் முறைக்கும் பங்குண்டு. இயந்திரம் வாங்கினால் அதன் விலை பல ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பிரிக்கப்படும். ஆராய்ச்சிக்கான தொகையோ பெரும்பாலும் அந்தக் காலாண்டின் செலவாகவே முழுவதும் எழுதப்படும். எனவே ஆராய்ச்சியை வெட்டியவுடன் லாபம் கூடித் தெரியும். இழப்போ, முடிவெடுத்தவர் ஊக்கத்தொகையைப் பெற்று வேறு பொறுப்புக்குப் போன பிறகுதான் வெளிப்படும். அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட நிதித்துறைத் தலைவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், லாப இலக்கை எட்டுவதற்காக ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்பு ஆகியவற்றில் செலவைக் குறைப்போம் என்று ஏறத்தாழ 80 சதவீதத்தினர் கூறினார்கள்.

பதில் 2:
ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது என்பதையும் சேர்க்க வேண்டும். கோடாக் நிறுவனப் பொறியாளர் ஒருவர் 1975இலேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். ஆனால் ஃபிலிம் விற்பனையில் வந்த லாபத்தை இழக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. 2012இல் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. மாறாக, கார்னிங் நிறுவனம் 1970இல் ஒளி அதிகம் வீணாகாமல் தகவலைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கண்ணாடி ஒளியிழையை உருவாக்கி, பெரிய கொள்முதல் வரும்வரை பத்தாண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தது. அதுவும் பங்குச் சந்தையில் இருந்த நிறுவனமே; எனினும் நிறுவியவரின் குடும்பத்தார் அப்போதும் தலைமையில் இருந்ததால், அவர்களால் காத்திருக்க முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

பதில் 3:
ஊழியர்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. வெல்டிங் கருவிகள் தயாரிக்கும் லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனம், சில ஆண்டுகள் பணி முடித்த தன் அமெரிக்க ஊழியர்களுக்கு 1958 முதல் வேலை உறுதி அளித்தது. 1980களின் தொடக்கத்தில் விற்பனை கடுமையாகச் சரிந்தபோது வேலை நேரத்தைக் குறைத்து, தொழிற்சாலை ஊழியர்கள் சிலருக்குப் பயிற்சி அளித்து விற்பனைப் பணிக்கு அனுப்பியதே தவிர, யாரையும் நீக்கவில்லை. தன் யோசனையால் தன் வேலையே போய்விடும் என்று அஞ்சுபவர் எந்த யோசனையையும் வெளியே சொல்ல மாட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முந்தைய மாதிரி ஏன் பழுதானது என்பதை முழுமையாக அறிந்திருந்தவர் நீக்கப்பட்டவர்களில் ஒருவர். அவர் அறிந்ததில் பாதிகூட ஆவணங்களில் இல்லை. அவரை ஆலோசகராகவாவது திரும்ப அழைக்குமாறு நாளை எழுத்துமூலம் கேட்கப்போகிறேன்.