புதுப்பிப்பு: யூ-டர்னில் நான் விழுந்த கதை

போன மாதம் வண்ணார்பேட்டை பக்கம் யூ-டர்ன் எடுக்கும்போது என் ராயல் என்ஃபீல்டு பைக், கிளாசிக் 350-ஐ அப்படியே சாய்த்துவிட்டேன், எங்கே தப்பு என்று கேட்டிருந்தேன் அல்லவா? முன் பிரேக்தான். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி உள்பக்கம் மடங்கிவிடும். 195 கிலோவை ஒற்றைக் காலால் தாங்க நான் யார்!

நாலு ஞாயிறாகப் பாளையங்கோட்டையில் ஒரு காலி மைதானத்தில் விடியற்காலையில் மெதுவாக வட்டமடித்துத் திருப்பப் பழகுகிறேன், ஹெல்மெட், கையுறை, ஷூ சகிதம். கிளட்சைப் பாதிப் பிடியில் வைத்து, ஆக்சிலரேட்டரைச் சீராகக் கொடுத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து வேகத்தை அடக்க வேண்டும். வண்டி உள்ளே சாய்ந்தால் உடம்பு வெளிப்பக்கம். இதெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. கண்தான் அடங்கவில்லை, முன்சக்கரத்திலேயே நின்றது. கூட வந்த அண்ணாச்சி, "என்னவே, தரையில என்னத்தத் தேடுதீரு? போற இடத்தப் பாரும்" என்று கத்தினார். தோளுக்கு மேல் தலையைத் திருப்பினேன், வட்டம் தானாகச் சுருங்கியது.

இடப்பக்கம் இப்போது சரி. நம் ஊர் யூ-டர்னுக்கு வேண்டிய வலப்பக்கம்தான் இன்னும் இரண்டடி வெளியே ஓடுகிறது. அப்புறம், இன்னொரு முறையும் விழுந்தேன், மணல் கிடந்த இடத்தில். ஆரம்பிக்கும் முன் நடந்து பார்த்திருக்கலாம்.