விசுவமடுவிலிருந்து தனியே நேபாளம் வரை: முதல் நாளை எங்கே முடிப்பது?

விசுவமடு ஏ35 (கேள்வி)

வணக்கம். காலபோக அறுவடை முடிந்து வயல் வேலை ஓய்ந்ததும், மாசிக் கடைசியில், என்னுடைய 150 சிசி பல்சரில் தனியாக இந்தியா ஊடாக நேபாளம் வரை சென்று வர முடிவு செய்திருக்கிறேன். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 இல் தொடங்கிய கப்பல் பயணிகளை மட்டுமே ஏற்றுவதால், மோட்டார் சைக்கிளைக் கொழும்பிலிருந்து கொள்கலனில் சென்னைக்கு அனுப்ப ஒரு முகவருடன் பேசியுள்ளேன். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது. வாகனத்தை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோவதற்கான கார்னேக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

என் கேள்வி முதல் நாளைப் பற்றியது மட்டுமே. இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். அதிகாலை நான்கு மணிக்கு வெளிக்கிட்டால் ஒரே நாளில் போய்ச் சேரலாம் என்பது என் கணக்கு. முதல் நாளே 350 ஓடத் தயங்குபவன் நேபாளத்துக்கு எப்படிப் போவான் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அம்மாவோ இருட்டோடு வெளிக்கிடக் கூடாது, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நின்று தேங்காய் உடைக்காமல் மேலே போகவும் கூடாது என்கிறார். யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் தோள்பையோடு போய்வந்த பழக்கம் உண்டே தவிர, சுமை கட்டி ஓடிய அனுபவம் எனக்கு இல்லை. இப்போது பக்கப் பைகள் இரண்டும் மேலே ஒரு பெரிய பையுமாக முப்பது கிலோ வரை வருகிறது. முதல் நாளை எங்கே முடிப்பது, எந்த வழியால் போவது, வழியில் எதைப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளம் கராச்

தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். பிள்ளையாருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலிருந்து பரந்தன் வந்து ஏ9 தெருவில் திரும்பி, கிளிநொச்சியைக் கடந்து முறிகண்டிக்கு வரும்போது ஏறத்தாழ 35 கிலோமீற்றர் ஓடியிருப்பீர்கள். புதிதாகக் கட்டிய சுமை தன் உண்மையான குணத்தைக் காட்டத் தொடங்குவது அந்தத் தூரத்தில்தான். வீட்டு முற்றத்தில் இறுக்கிக் கட்டிய பட்டி, பைக்குள் உள்ள உடுப்புகள் அமர்ந்து இறங்கியதும் தானாகவே தளர்ந்துவிடும். பேருந்தும் லொறியும் நின்று கற்பூரம் கொளுத்திப் போகிற இடம் என்பதால் நீங்களும் நிற்கத்தான் போகிறீர்கள். தேங்காயை உடைத்துவிட்டு, கச்சான் வாங்குவதற்கு முன்பாக, மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். ஒவ்வொரு பட்டியையும் கையால் இழுத்துப் பாருங்கள். சைலன்சர் இருக்கும் பக்கத்துப் பையின் அடிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால், அந்தப் பை அன்று மாலைக்குள் ஓட்டையாகிவிடும். பட்டியின் தொங்கல் நுனிகள் சில்லுக்கோ செயினுக்கோ எட்டாதபடி முடிச்சிட்டு உள்ளே செருகிவிடுங்கள்.

செயினைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கராச்சுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதில்லை. சுமை ஏறியதும் பின்பக்கம் அமர்கிறது. அதனால் செயினின் தளர்வும் மாறுகிறது. வெறும் வண்டியை நிறுத்திவைத்து இறுக்கிய செயின், முப்பது கிலோவும் நீங்களும் ஏறிய பிறகு கம்பிபோல் விறைத்து நிற்கலாம். அப்படி நீண்ட தூரம் ஓடினால் செயினோடு பல்சக்கரமும் பின் சில்லின் பெயரிங்கும் சேர்ந்து தேயும். ஆகவே பைகளைக் கட்டி, நீங்கள் ஏறி அமர்ந்த நிலையில், இன்னொருவரைக் கொண்டு தளர்வைப் பார்ப்பதுதான் சரி. பின் ரயருக்கும் தனியாளுக்குரிய காற்றளவு போதாது, பின்னால் ஒருவர் இருந்தால் அடிக்க வேண்டிய அளவை அடியுங்கள். அதையும் காலையில், ரயர் சூடாவதற்கு முன்பே அளக்க வேண்டும். கருவிப் பெட்டி, உதிரிப் பாகம் போன்ற பாரமான பொருள்கள் பக்கப் பைகளின் அடியில், முன்பக்கமாக இருக்கட்டும். மேலே இருக்கும் பெரிய பைக்குள் உடுப்பும் படுக்கைத் துணியும் மட்டும் போதும்.

முதல் நாள் அனுராதபுரத்தோடு நிறுத்திவிடுங்கள். அது ஏறத்தாழ 160 கிலோமீற்றர்தான், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மிச்சப் பொழுதில் பைகளைப் பிரித்து, தேவையில்லாதவற்றை ஒதுக்கி, மறுபடி கட்டுங்கள். எதையாவது விட்டுவிட்டு வந்திருந்தாலும், ஏதாவது பழுதென்றாலும், வீட்டிலிருந்து ஒருவர் பேருந்தில் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போகக்கூடிய தூரம் அது. சென்னைக்கு அப்பால் அந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது.

ஏ9 ஓட்டம்

மாங்குளம் அண்ணாவின் செயின் பாடத்தை ஏற்றுக்கொள்கிறேன். அனுராதபுரத்தில் நிறுத்தச் சொல்வதை ஏற்க மாட்டேன். கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் இடையில் ஒரே நாளில் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேருகிற பொடியன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நல்ல தெருவில் 350 கிலோமீற்றர் பெரிய காரியமே அல்ல. பாதி நாளை விடுதி அறையில் கழித்தால் மனம் வீட்டுக்குத் திரும்பத்தான் சொல்லும். ஆனால் நான்கு மணிக்கு வெளிக்கிடுவது மட்டும் வேண்டாம். இரவில் தார் சூட்டுக்காகக் கட்டாக்காலி மாடுகள் ஏ9 இல் படுத்துக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் தெருவோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். படங்கு விரித்து, அதைச் சுற்றிக் கல்லும் வைத்திருப்பார்கள். அந்தக் கல் உங்கள் முன் விளக்குக்குத் தெரியும்போது பிறேக் பிடிக்க இடம் இருக்காது. விடிந்து முகம் தெரிகிற நேரத்தில் வெளிக்கிடுங்கள், இருட்ட முன்னர் கொழும்பு.

துறைமுகப் பக்கம்

நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவன். கொழும்பில் கப்பல் சரக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் தெருவிலிருந்து கணக்குப் பார்க்கிறீர்கள், நான் துறைமுகத்திலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறேன்.

தம்பி, கொள்கலனில் ஏற்றும் வாகனத்தின் தாங்கியில் பெற்றோல் ஏறக்குறைய இருக்கவே கூடாது. பற்றறி இணைப்பையும் கழற்ற வேண்டும். ஆகவே கிளிநொச்சியில் தாங்கியை நிரப்ப வேண்டாம், வழியில் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் அடித்து, களஞ்சிய வாசலுக்கு வரும்போது அடி தட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கி நிறையப் பெற்றோல் அடித்துவிட்டு, அதைக் குழாய் வைத்து உறிஞ்சி யாருக்கோ கொடுத்துவிட்டுப் போவதில் என்ன பயன்? வழியும் அதற்கேற்றதாக இருக்கட்டும். அனுராதபுரத்திலிருந்து ஏ12 இல் புத்தளம், அங்கிருந்து ஏ3 இல் சிலாபம், நீர்கொழும்பு ஊடாக வந்தால் பேலியகொடையில் இறங்குவீர்கள். நகருக்குள் புகுந்து வழி தேட வேண்டியதில்லை. விரைவுக் குறுக்குவழி என்று கைபேசி காட்டும் அதிவேகப் பாதைகளை நம்ப வேண்டாம், அவற்றில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. நொச்சியாகமப் பக்கம் வில்பத்து அருகில் இருப்பதால் யானை நடமாட்டமும் உண்டு. ஏ12 ஐப் பகலிலேயே கடந்துவிடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அனுராதபுரக் கட்சி.

வெளிக்கிடும் கிழமையையும் யோசியுங்கள். சனிக்கிழமை வெளிக்கிட்டு அனுராதபுரத்தில் தங்கினால், ஞாயிறு நெரிசல் குறைந்த தெருவில் கொழும்புக்கு வரலாம், திங்கள் காலை அலுவலகங்கள் திறந்திருக்கும். அந்தத் திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளாக அமைந்துவிடாமல் மட்டும் நாட்காட்டியைப் பாருங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்ப முன்னர் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சுங்கத்தில் எஞ்சின் இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் கார்னேயோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வன்னிப் புழுதியும் கிறீசும் சேர்ந்து, ஹாண்டிலின் கழுத்துப் பக்கத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைக் களிமண் பூசியதுபோல் மூடியிருக்கும். பழைய பல் துலக்கும் பிறசில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, ஒவ்வோர் எழுத்தும் வாசிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். கார்னேயில் ஓர் எண் பிசகினாலும் சென்னையில் வண்டி நின்றுவிடும். அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை விழ வேண்டும். வெளியேறும் முத்திரை இல்லையென்றால், நீங்கள் வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். வாகனப் பதிவில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால், அவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது.

பேசாலைக் காற்று

தலைமன்னாரில் நின்றால் தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர்க் கடல்தான். 1914 இல் தொடங்கிய ரயிலும் கப்பலும் இணைந்த சேவையில் கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரே சீட்டில் போனார்கள். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. இன்று வன்னியில் இருப்பவர் வடக்கே இருக்கும் நாட்டுக்குப் போகத் தெற்கே 350 கிலோமீற்றர் ஓட வேண்டியிருக்கிறது. தம்பிக்கு உதவாத பேச்சுத்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விசுவமடு ஏ35

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை விடிந்ததும் வெளிக்கிட்டு அனுராதபுரத்தில் தங்குவதாக முடிவு செய்துவிட்டேன். லீசிங் போன ஆண்டே முடிந்தது. ஆனால் பதிவில் கம்பனியின் பெயரை இன்னும் நீக்கவில்லை, நாளைக்கே அந்த வேலையைத் தொடங்குகிறேன். துறைமுக அண்ணாவிடம் ஒரு கேள்வி: வண்டியை ஒப்படைத்த பிறகு நான் கொழும்பிலேயே காத்திருக்க வேண்டுமா?

துறைமுகப் பக்கம்

வேண்டியதில்லை தம்பி. கையெழுத்துகள் முடிந்ததும் யாழ்தேவி ரயிலில் ஏறிக் கிளிநொச்சிக்கு வந்துவிடுங்கள். கப்பல் சில நாள்களில் சென்னை சேர்ந்தாலும், அங்கே சுங்க வேலை அதைவிட நீளும். வண்டி இறங்கிய செய்தியை முகவர் உறுதிப்படுத்திய பின்னர் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கலாம், அல்லது காங்கேசன்துறையில் கப்பல் ஏறலாம். அதனால் ஊரைக் கூட்டி வழியனுப்பு வைப்பதை அந்த நாளுக்கு ஒத்திவையுங்கள். சனிக்கிழமை அழுது அனுப்பியவர்கள் புதன்கிழமை உங்களைச் சந்தையில் கண்டால் சிரிப்பார்கள். தலைக்கவசத்தையும் கையுறையையும் கொள்கலனுக்குள் விடாமல் உங்களோடு எடுத்து வாருங்கள், சென்னைத் துறைமுக வாசலில் முதல் தேவைப்படுவது அவைதான்.