அவசரம்: தமிழ் தட்டச்சு மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்கிறது

பெகு_முருகன்: வணக்கம். கோயில் தீமிதி அழைப்பிதழ் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எ-கலப்பை இறக்கினேன், எத்தனை தட்டினாலும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் நல்லதுதான், சிங்கப்பூர் மச்சான் கொடுத்தது. கரண்ட் போவதற்குள் யாராவது சொல்லுங்கள்.

தட்டோன்_செல்வி: அண்ணே, என்ன கம்ப்யூட்டர்? விண்டோஸா?

கமாயுட்_கண்ணன்: ஜாவ்ஜி என்கிற பழைய பர்மிய எழுத்துரு இருக்கிறதா? 2019-இல் மியன்மார் நாடே எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாறியபோது என் கடைக்கு வந்ததெல்லாம் இந்தக் கோளாறுதான். முதலில் அதைத் தூக்குங்கள்.

தட்டோன்_செல்வி: ஜாவ்ஜி பர்மிய எழுத்தைத்தான் குழப்பும். தமிழுக்கு யூனிகோடில் தனி இடம். மென்பொருள் திறக்காததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கமாயுட்_கண்ணன்: கழற்றிப் பார்த்தால்தானே தெரியும்.

ரங்கூன்_பெரியவர்: இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. கேட்பவர் எந்த இயந்திரம் என்று சொல்ல மாட்டார், மற்றவர்கள் வைத்தியம் மட்டும் சொல்வார்கள். தம்பி, இறக்கிய கோப்பின் பெயர் எதில் முடிகிறது? திரையின் இடது மேல் மூலையில் கடித்த ஆப்பிள் இருக்கிறதா?

பெகு_முருகன்: எக்ஸ்இ (.exe). ஆப்பிள் இருக்கிறது.

ரங்கூன்_பெரியவர்: அதுதானே பார்த்தேன். எக்ஸ்இ விண்டோஸுக்கு எழுதியது. உங்களுடையது ஆப்பிளின் மேக், அதில் நாள் முழுக்கத் தட்டினாலும் திறக்காது. இறக்குமுன் எந்த இயங்குதளத்துக்கு என்று பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது!

கமாயுட்_கண்ணன்: விண்டோஸ் நிரலை மேக்கில் ஓட்டும் வைன் மென்பொருளைப் போட்டால் ஓடும்.

தட்டோன்_செல்வி: ஓர் அழைப்பிதழுக்கு வைனா? ஓடினாலும் வைனுக்குள் திறந்த நிரலில்தான் தமிழ் விழும், மேக்கில் கடிதம் அடிக்கிற பேஜஸ் செயலியில் விழாது. முருகன் அண்ணே, எதையும் இறக்க வேண்டாம், மேக்கிலேயே தமிழ் இருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்சஸ் பக்கத்தில் எடிட், அப்புறம் கூட்டல் குறி, தமிழ். 2022-இல் வந்த வென்ச்சுராவுக்கு முந்தைய மேக் என்றால் சிஸ்டம் பிரிஃபரன்சஸ் என்று இருக்கும். அதில் ‘அஞ்சல்’ விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள், ஆங்கில ஒலிப்பிலேயே அடிக்கலாம்.

ரங்கூன்_பெரியவர்: அஞ்சலா? பக்கத்திலேயே தமிழ்99 இருக்கிறதே. 1999 சென்னை மாநாட்டில் நிபுணர்கள் உட்கார்ந்து வகுத்த விசைப்பலகை. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. நாலே தட்டு, புள்ளி தானாக விழும். ஒலிப்பில் அடித்தால் அஞ்சு.

தட்டோன்_செல்வி: ஷிஃப்டோடு ஆங்கிலப் பெரிய ‘A’ போட்டால் அதிலும் நாலுதான் ஐயா.

ரங்கூன்_பெரியவர்: அந்த ஷிஃப்டை யார் அழுத்துவது?

கமாயுட்_கண்ணன்: தமிழை ஆங்கிலத்தில் நினைத்து அடிப்பதே தப்பு. இதில் மட்டும் பெரியவர் பக்கம் நான்.

தட்டோன்_செல்வி: திங்கட்கிழமைக்குள் புது விசைப்பலகை பழகச் சொல்கிறீர்களா? நல்ல கதை.

பெகு_முருகன்: அஞ்சல் வந்துவிட்டது, நன்றி தங்கச்சி. ‘ஸ்ரீ’ மட்டும் எனக்குச் சரியாக விழவில்லை.

ரங்கூன்_பெரியவர்: தமிழ்99-இல் ஷிஃப்ட் அழுத்தி ஒய். ஒரே எழுத்தாக விழும்.

தட்டோன்_செல்வி: இப்போது ஷிஃப்ட் பரவாயில்லையாக்கும்?