ஜீலாங் கேட்ஸ் 2007–2011: மூன்று கோப்பைகளில் எது உயர்ந்தது?

கேள்வி

வணக்கம். 2022 இறுதிப் போட்டியில் சிட்னியை ஜீலாங் 81 புள்ளி வித்தியாசத்தில் வென்ற பிறகுதான் நான் ஆஸ்திரேலியக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினேன். ஆகவே ஜோயல் செல்வுட்டை, தம் கடைசி ஆட்டத்தில் கோப்பையைக் கையில் ஏந்திய அணித்தலைவராக மட்டுமே எனக்குத் தெரியும். ஆனால் நீண்டகால ரசிகர்களிடம் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு 2007 முதல் 2011 வரையிலான அந்த ஐந்து பருவங்களுக்கே போய்ச் சேர்கிறது. எண்களை மட்டும் பார்த்தால் போர்ட் அடிலெய்டை 119 புள்ளிகளில் வீழ்த்திய 2007 தான் முதலிடம் பெற வேண்டும். இறுதிப் போட்டி வரலாற்றில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை இல்லை. அப்படியிருக்க, வெறும் 12 புள்ளிகளில் கிடைத்த 2009 கோப்பையைப் பலர் அதற்கும் மேலாக வைப்பது ஏன்? 2011 ஏன் குறைவாகவே பேசப்படுகிறது? அந்த ஆட்டங்களை அன்றே பார்த்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

முதல் மறுமொழி

2007 வெற்றியை அளக்க 119 என்ற எண் உதவாது. 44 என்ற எண்தான் உதவும். 1963-இல் பாப் டேவிஸ் பயிற்சியில் ஹாதோர்னை வென்ற பிறகு, ஜீலாங் 44 ஆண்டுகள் ஒரு பிரீமியர்ஷிப்பும் (சாம்பியன் கோப்பை) பெறவில்லை. தகுதியில்லாத அணியாகக் கிடந்து கழித்த ஆண்டுகளாக அவை இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். 1989, 1992, 1994, 1995 என்று ஏழு பருவங்களுக்குள் நான்கு இறுதிப் போட்டிகளில் ஆடி நான்கிலும் தோற்றோம். 1989-இல் மூத்த கேரி ஆப்லெட் தனியொருவராக ஒன்பது கோல்கள் அடித்து, தோற்ற அணியில் இருந்துகொண்டே ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தைப் பெற்றார். அணி ஒரே ஒரு கோலுக்குரிய ஆறு புள்ளிகளில் தோற்றது. பின்னர் 2005 அரையிறுதியில், வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், சிட்னியின் நிக் டேவிஸ் கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் அடித்து அதையும் பறித்துச் சென்றார்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு வந்த ஒரு ரசிகருக்கு 2007 இறுதிப் போட்டி விடுதலையாக இருந்தது. அரைநேரத்திற்குள் முடிவு தெரிந்துவிட்டதால், வாழ்நாளில் முதன்முறையாக ஓர் இறுதிப் போட்டியைப் பயமின்றிப் பார்க்க முடிந்தது. உண்மையில் அந்த ஆண்டின் கடுமையான சோதனை அதற்கு முந்தைய வாரத்திலேயே நடந்துவிட்டது. முன்னிறுதியில் காலிங்வுட்டை ஐந்தே புள்ளிகளில் தாண்டினோம். கோப்பைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் தயங்காமல் 2007-ஐத்தான் முதலில் வைப்பேன்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதிய ஐயாவின் உணர்வை முழுமையாக மதிக்கிறேன். எனினும் 2009 ஏன் உயர்ந்தது என்பதை 2008-ஐப் பேசாமல் சொல்ல முடியாது. 2008-இல் வழக்கமான பருவத்தின் 22 ஆட்டங்களில் 21-ஐ வென்றோம். காலிங்வுட்டிடம் மட்டுமே தோற்றோம். இறுதிப் போட்டியில் ஹாதோர்ன் 18 கோல் 7 பிஹைண்ட் (பந்து நடுக் கம்பங்களுக்கு வெளியே, பக்கக் கம்பத்துக்குள் செல்வது) எடுத்தது, நாம் 11 கோல் 23 பிஹைண்ட் எடுத்தோம். கோலுக்கு ஆறு, பிஹைண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது 115–89 ஆனது. கம்பங்களுக்கிடையே பந்தை நாம் 34 முறை கொண்டுசென்றிருக்கிறோம், அவர்கள் 25 முறைதான் கொண்டுசென்றார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 23-இல் பல, நெருக்கடி வந்தபோதெல்லாம் ஹாதோர்ன் தடுப்பாட்டக்காரர்கள் தாமே பந்தைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளி, ஒரு புள்ளியைக் கொடுத்து ஆறு புள்ளிகளைத் தடுத்தவை. வேண்டுமென்றே அப்படிச் செய்வதற்குத் தண்டனை தரும் விதி அடுத்த பருவத்தில் வந்தது. ஆனாலும் நம் தவறிய உதைகளுக்கு அவர்களைப் பொறுப்பாக்க இயலாது. அரைநேரச் சங்கு ஒலித்த பின் மிக அருகிலிருந்து கேமரன் மூனி தவறவிட்ட உதை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்படிப்பட்ட தோல்விக்குப் பின் சிதறிப்போன வலிமையான அணிகள் பல உண்டு. ஜீலாங் அடுத்த ஆண்டே திரும்பி வந்தது; எதிரே நின்ற செயின்ட் கில்டாவோ, பருவத்தின் முதல் 19 ஆட்டங்களையும் வென்ற அணி. பதினான்காம் சுற்றில் இரு அணிகளும் தோல்வியே காணாமல் சந்தித்தபோது அவர்களே ஆறு புள்ளிகளில் வென்றார்கள். இறுதிப் போட்டி நாளில் குளிரும் ஈரமும் சேர்ந்திருந்ததால் ஒவ்வொரு கோலும் போராடித்தான் கிடைத்தது. மூன்றாம் கால்பகுதியின் முடிவில் ஏழு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். கடைசிக் கால்பகுதியில் செயின்ட் கில்டாவால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. மைதானத்தின் நடுவே, கையால் எடுக்க நேரமில்லாத ஒரு பந்தை மேத்யூ ஸ்கார்லெட் கால் நுனியால் தட்டி, மூத்த ஆப்லெட்டின் மகனான கேரி ஆப்லெட்டிடம் சேர்த்தார். ஆப்லெட் அதை முன்களத்துக்கு உதைக்க, அந்த நகர்வு பால் சாப்மனின் கோலில் முடிந்து நம்மை முன்னிலைக்குக் கொண்டுசென்றது. முழுநேரத் தடுப்பாட்டக்காரர் ஒருவர், முறையான ஆட்டத்தில் யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு செயலை, அந்த நொடியில் துணிந்து செய்தார் என்பதே எனக்கு அந்தக் கால அணியின் முழு அடையாளம்.

நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தில் டாம் ஹாக்கின்ஸுக்கு வழங்கப்பட்ட ஒரு கோல் கம்பத்தில் பட்டிருந்தது மறுஒளிபரப்பில் தெளிவாகத் தெரிந்தது; கம்பத்தில் பட்டால் அது பிஹைண்ட் மட்டுமே. 1966-க்குப் பிறகு கோப்பை காணாத செயின்ட் கில்டா ரசிகர்கள் அதை மறக்காமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாம் மறுமொழி

எந்தக் கோப்பை என்பதைவிட, இந்த அணி எப்படி உருவானது என்பதே என்னை அதிகம் ஈர்க்கிறது. புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1999 டிராஃப்டில் ஜோயல் கோரி, பால் சாப்மன், கேமரன் லிங், கோரி என்ரைட் ஆகிய நால்வரும் வந்தார்கள். என்ரைட் 47-ஆம் தேர்வு. 2001-இல் ஜிம்மி பார்டெல், ஜேம்ஸ் கெல்லி, ஸ்டீவ் ஜான்சன் ஆகியோரும், முன்னாள் வீரரின் மகனைத் தந்தையின் அணியே எடுக்க முன்னுரிமை தரும் தந்தை–மகன் விதியின்படி இளைய ஆப்லெட்டும் சேர்ந்தார்கள். ஸ்கார்லெட்டும் ஹாக்கின்ஸும் கூட அதே விதியில் வந்தவர்களே. ஆனால் திறமை இருந்தும் 2006-இல் அணி பத்தாம் இடத்தில் முடிந்தது. பயிற்சியாளர் மார்க் தாம்சனை நீக்க வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. சங்கம் உள்ளாய்வு நடத்தி அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

அந்தக் கோடையில் ஆட்டக்காரர்களின் தலைமைக் குழுவே, ஒழுக்க மீறலுக்காக ஸ்டீவ் ஜான்சனைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. அதே ஜான்சன் 2007 இறுதிப் போட்டியில் நார்ம் ஸ்மித் பதக்கம் பெற்றார். அந்தப் பருவத்திலும் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஐந்தாம் சுற்றில் நார்த் மெல்பர்னிடம் சொந்த மைதானத்தில் தோற்றோம். அடுத்த வாரம் ரிச்மண்டை 157 புள்ளிகளில் வென்றோம். என்னைக் கேட்டால் அந்தக் காலம் தொடங்கியது அந்த ஆட்டத்தில்தான்.

நான்காம் மறுமொழி

2011 குறைவாகப் பேசப்படுகிறது என்று கேட்பவர் சொன்னது சரி. அது எனக்கு நெடுநாள் வருத்தம். 2010 முன்னிறுதியில் காலிங்வுட் நம்மை நசுக்கியது. அதன்பின் தாம்சன் விலகினார், ஆப்லெட் புதிய கோல்ட் கோஸ்ட் அணிக்குச் சென்றார். இந்த அணி முடிந்துவிட்டது என்றே பொதுவாக எழுதினார்கள். அப்போதுதான் தலைமைப் பயிற்சியாளராக முன்னனுபவம் இல்லாத கிறிஸ் ஸ்காட் பொறுப்பேற்று, முதல் பருவத்திலேயே கோப்பையை வென்றார். அந்த ஆண்டு வழக்கமான பருவத்தில் காலிங்வுட் தோற்றவை இரண்டே ஆட்டங்கள். இரண்டும் ஜீலாங்கிடம், அதில் ஒன்று 96 புள்ளிகளில். இறுதிப் போட்டியிலும் 38 புள்ளிகளில் அவர்களையே வென்றோம். ஆட்டத்தின் இடையில் ஜேம்ஸ் பாட்சியட்லி தோள் விலகி வெளியேறியதும், இளைஞராக இருந்த ஹாக்கின்ஸ் முன்களச் சுமையை ஏற்று மூன்று கோல்கள் அடித்தார். வாழ்நாள் முழுதும் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து முடக்கும் வேலையையே செய்த அணித்தலைவர் லிங், கடைசிக் கால்பகுதியில் ஒரு கோல் அடித்து, கோப்பையை ஏந்தி, அத்துடன் ஓய்வும் பெற்றார்.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. 2008-ஐத் தவிர்த்துவிட்டு வெற்றிகளை மட்டும் பார்க்க எண்ணியிருந்தேன். இப்போது 2008 இறுதிப் போட்டியை முழுமையாகப் பார்த்துவிட்டே 2009-க்குச் செல்வேன். அந்தத் தோல்விக்குப் பிறகு ஹாதோர்னுடனான ஆட்டங்கள் எப்படி இருந்தன?

இரண்டாம் மறுமொழியாளர்

தோல்விக்குப் பின், ஜீலாங்கிடம் மனவுறுதி போதாது என்ற பொருளில் அன்றைய ஹாதோர்ன் சங்கத் தலைவர் ஜெஃப் கென்னட் பேசினார். அதன்பின் இரு அணிகளும் மோதிய 11 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக ஜீலாங்கே வென்றது. அவற்றில் பல கடைசி நிமிடம் வரை முடிவு தெரியாதவை. 2013 முன்னிறுதியில் ஹாதோர்ன் ஐந்து புள்ளிகளில் வென்று அந்த வரிசையை முடித்தது. 2008-ஐப் பார்த்தவுடன் அந்த ஆட்டங்களையும் தேடிப் பாருங்கள்.