செனானில் கரும்பொருள் சிக்னல் வந்தால், மோதல் ஸ்பின்னைப் பொறுத்ததா இல்லையா என்று எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
தெற்கு டகோட்டாவின் எல்இசட் போன்ற, கரும்பொருளைத் தேடும் திரவ செனான் கருவியில், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரும்பொருள் துகள்கள் அணுக்கருக்களில் மோதிய பத்துப் பதினைந்து நிகழ்வுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். பின்னுதைப்பு ஆற்றலின் (மோதலில் அணுக்கரு பெறும் ஆற்றலின்) ஸ்பெக்ட்ரத்தை மட்டும் வைத்து, அவை அணுக்கருவின் ஸ்பின் என்ற உள்ளார்ந்த சுழற்சிப் பண்பைச் சார்ந்தவையா சாராதவையா என்று சொல்லிவிட முடியுமா?

பதில் 1:
முடியாது. இரண்டு ஸ்பெக்ட்ரமும் ஆற்றல் கூடக் கூடச் சரிந்துகொண்டே போகும். துகளின் நிறையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒன்று மற்றதைப் போல ஆகிவிடும். துகள் மோதும் இலக்குப் பொருளை மாற்றித்தான் பார்க்க வேண்டும். செனானில் 129 (26%), 131 (21%) ஆகிய ஐசோடோப்புகளுக்கு மட்டுமே ஸ்பின் உண்டு. இரண்டிலும் இணையில்லாமல் நிற்பது நியூட்ரான். ஆர்கான்-40க்கு ஸ்பின் பூஜ்யம், அதனால் ஸ்பின் சார்ந்த மோதல் அதில் வராது. ஸ்பின் சாராத மோதல் என்றால் ஒரு கிலோவுக்கான எண்ணிக்கை நிறை எண்ணின் வர்க்கப்படி போகும்: ஆர்கானில் செனானைவிடச் சுமார் 11 மடங்கு குறைவு, ஆனால் பூஜ்யமில்லை.

பதில் 2:
அந்த 11 மடங்கு குறைந்த ஆற்றலில் மட்டும்தான். ஹெல்ம் வடிவக் காரணியின் (அணுக்கரு ஒரு புள்ளியாக இல்லாததால் மோதல் எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் எண்ணின்) வர்க்கம் 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் செனானுக்குச் சுமார் 0.06, ஆர்கானுக்கு 0.7. அங்கே இரண்டும் ஏறக்குறைய சமம்! ஆர்கான் கருவிகள் உண்மையில் வேலை செய்வதும் அந்தப் பக்கம்தான். அதற்குக் கீழே ஒளி போதாமல், ஆர்கான்-39இன் பீட்டா சிதைவை ஒளித் துடிப்பின் வடிவத்தால் பிரிக்க முடியாது. ஒப்பிடும்போது ஒரே ஆற்றலில் வைக்காதீர்கள், ஒரே குறைந்தபட்ச வேகத்தில் (அந்த ஆற்றலைத் தரத் துகளுக்குத் தேவையான வேகம்) வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஆர்கானில் ஒன்றுமே வராவிட்டால் ஸ்பின் சார்ந்தது என்று முடிவு கட்டலாமா?

பதில் 3:
அவசரப்பட வேண்டாம். ஸ்பின் சாராத மோதலிலும், கரும்பொருள் நியூட்ரானோடும் புரோட்டானோடும் பிணையும் வலிமைகளின் விகிதம் −0.82 என்றால் ஆர்கானில் (18 புரோட்டான், 22 நியூட்ரான்) 18 − 0.82 × 22, அதாவது கிட்டத்தட்ட பூஜ்யம். செனானில் 54 − 0.82 × 77 = −9 மிஞ்சும். ஆர்கானின் மௌனத்துக்கு ஸ்பின்தான் காரணம் என்று ஆகாது.

பைகோ-60 என்ற குமிழி அறையில் (துகள் மோதினால் குமிழி எழும் திரவக் கருவி) இருந்ததுபோல ஃப்ளூரின் வைத்தால், ஃப்ளூரின்-19இல் இணையில்லாத புரோட்டான் இருப்பதால் புரோட்டான் ஸ்பின் பிணைப்பு தெரியும். நியூட்ரான் ஸ்பின் பிணைப்பு மட்டும் என்றால் அதுவும் பேசாது. தவிர, குமிழி அறை ஒவ்வொரு மோதலின் ஆற்றலையும் தராது. அழுத்தம், வெப்பநிலையை மாற்றி வாசல் ஆற்றலை (குமிழி எழத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) நகர்த்தித்தான் ஸ்பெக்ட்ரத்தை ஊகிக்க முடியும்.

என் கணிப்பில் நேரடியான வழி, அதே கருவியில் ஸ்பின் இல்லாத செனான்-136 செறிவூட்டிய வாயுவை ஊற்றிப் பார்ப்பது. ஸ்பின் சார்ந்தது என்றால் எண்ணிக்கை ஒற்றைப்படை ஐசோடோப்புகளின் மிச்சத்துக்கு விழும். மேலே சொன்ன −0.82 என்றால் 54 − 0.82 × 82 = −13, எண்ணிக்கை கூடும். விலை, செனான்-136இன் இரட்டை பீட்டா சிதைவு (இரண்டு எலக்ட்ரான்களை வெளியிடும் கதிரியக்கச் சிதைவு): அதன் குறைந்த ஆற்றல் வால் எலக்ட்ரான் பின்னணியை ஏற்றிவிடும், அதனால் எலக்ட்ரான் பின்னுதைப்பை விலக்கும் வெட்டை (தரவைத் தேர்ந்தெடுக்கும் வரம்பை) கூடுதலாக இறுக்க வேண்டிவரும்.