குரோமியம் உலாவியில், ஒரே சாளரத்தில் இரு கணக்குகள்
ஒரே இணையச் சேவையின் இரு கணக்குகளை அடுத்தடுத்த தாவல்களில் திறந்து வைத்து வேலை செய்ய, விண்டோஸ் 11 மடிக்கணினியில் பயர்பாக்ஸின் மல்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ் நீட்சியைப் பயன்படுத்தி வந்தேன். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் (தாவல்களுக்கான தனிப் பிரிவு) குக்கீகள் (உள்நுழைவு போன்றவற்றை நினைவில் வைக்க இணையதளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகள்) தனி என்பதால் சிக்கல் எழவில்லை. அலுவலக மென்பொருள் ஒன்றிற்காகச் சென்ற மாதம் குரோமியம் (கூகுள் குரோமுக்கு அடிப்படையான திறந்த மூல உலாவி) சார்ந்த உலாவிக்கு மாற நேர்ந்தது. இங்கே இரண்டாம் கணக்கில் நுழைந்ததும் முதல் தாவலிலும் அதே கணக்கு வந்துவிடுகிறது.

தனித்தனி சுயவிவரங்களை அமைத்துப் பார்த்தேன். கணக்குகள் பிரிந்தாலும், ஒவ்வொரு சுயவிவரமும் தனிச் சாளரத்தில்தான் திறக்கிறது. மறைநிலைச் சாளரத்தை மூடினால் உள்நுழைவு அழிந்துவிடுகிறது. தவிர, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மறைநிலைச் சாளரங்கள் அனைத்தும் குக்கீகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன (இது பலர் அறியாதது). குரோமியம் சார்ந்த மற்றோர் உலாவியான விவால்டியின் பணியிடங்களோ தாவல்களைத் தொகுக்கின்றனவே ஒழிய, குக்கீகளைப் பிரிப்பதில்லை.

குரோமியம் சார்ந்த ஏதேனும் ஓர் உலாவியில், ஒரே சாளரத்தின் தாவல்களுக்கிடையே குக்கீகளைப் பிரித்து வைக்க நம்பகமான வழி உண்டா?