தீயணைப்பானைக் கையில் எடுத்த அந்தப் பத்து நொடி: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ரெண்டு மாதமாக இதை எழுத நினைத்து, இன்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் பழைய அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைக்கும் அறை ஒன்று உண்டு. ஒரு மாலை அங்கிருந்து புகை வந்தது. கதவைத் திறந்தால் மூலையில் இடுப்பு உயரத்துக்குத் தீ. வராந்தாச் சுவரில் 2 கிலோ பவுடர் தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாகத் தினமும் அதைக் கடந்துதான் என் இருக்கைக்குப் போகிறேன். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

எடுத்தவுடன் முதல் சிக்கல்: தவறி அழுந்தாமல் இருக்கக் கைப்பிடியில் செருகியிருக்கும் ஊசி, அந்தப் 'பின்' வரவில்லை. பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பின்னை இழுத்தேன். லீவர் அழுந்தினால் பின் அதில் மாட்டிக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எப்படியோ பிடுங்கி அடித்தேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மேலே எழும்பிய சுவாலைதான், அதைப் பார்த்தே அடித்தேன். அறை முழுக்க வெள்ளைப் புகைபோலப் பவுடர் பரவியது. சுவாலை ஒரு கணம் அடங்கி, மறுபடி எழுந்தது. பத்து நொடி இருக்கும், சிலிண்டர் காலி.

அதற்குள் உடன் வேலை செய்பவர் ஒருவர் அடுத்த தளத்திலிருந்து இன்னொன்றைக் கொண்டு வந்தார். முதல் காரியமாக என் சட்டையைப் பிடித்து இழுத்து, கதவு எங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிறுத்தினார். அப்புறம் ரெண்டரை மீட்டர் தள்ளி நின்று, குனிந்து, பெட்டிகளின் அடிப்பகுதியில் இடமும் வலமுமாக வீசி அடித்தார். அடங்கியது. ஆனால் அட்டைகளின் உள்ளே கனல் இருந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து பெட்டிகளைக் கிளறித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் முழுதாக அணைந்தது. அவர் ஒரே ஒரு நாள் பயிற்சி எடுத்தவர். எனக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நண்பரே, எங்கள் கதை வேறு மாதிரி. புதிதாக வாங்கிய பவுடர் தீயணைப்பான் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு, மாடியில் வைத்து ஒரே ஒரு நொடி அழுத்திப் பார்த்தோம். நன்றாகவே பீய்ச்சியது. அழுத்த மீட்டரின் முள்ளும் பச்சையில்தான் நின்றது. பின்னைத் திரும்பச் செருகிச் சுவரில் மாட்டிவிட்டோம். மூன்று வாரம் கழித்துத் தற்செயலாகப் பார்த்தால் முள் பூஜ்ஜியத்தில் கிடக்கிறது. வால்வு மூடும் இடத்தில் பவுடர் துகள் ஒட்டிக்கொண்டு, வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போயிருக்கிறது. ஒரு நொடி அடித்தாலும் முழுதாக நிரப்பித்தான் ஆகவேண்டுமாம். அந்த மூன்று வாரத்தில் தீப்பிடித்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

* * *

அடுப்பில் எண்ணெய் தீப்பிடித்த அனுபவம் என்னுடையது. வாணலியிலிருந்து ஒரு கை தள்ளி நின்று பவுடரை அடித்துவிட்டேன். அழுத்தத்தில் எரிகிற எண்ணெய் தெறித்து, பக்கத்துச் சுவரிலும் திரைச்சீலையிலும் பிடித்துக்கொண்டது. புறங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. வாணலியில் அணைந்த தீயும் ஒரு நிமிடத்தில் தானாகவே மறுபடி பற்றியது. பவுடர் சுவாலையை அணைக்கும், ஆனால் எண்ணெயின் சூட்டைக் குறைக்காது.

தீ பாத்திரத்துக்குள்ளேயே இருக்கும்போது, கிட்டப் போக முடிந்தால், அடுப்பை அணைத்துவிட்டு ஓர் உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடினால் போதும். முழுதாக ஆறும்வரை திறக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டராக விரியும், எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறிந்துவிடும். பெரிய சமையற்கூடங்களில் இதற்கென்றே பொட்டாசியம் உப்புக் கரைசல் கொண்ட தீயணைப்பான் வைத்திருக்கிறார்கள். அது கொதிக்கும் எண்ணெயின் மேல் சோப்புப் படலம்போல மூடி, சூட்டையும் தணிக்கும்.

* * *

தீயணைப்பான்களைச் சரிபார்ப்பதும் நிரப்புவதும்தான் பதினைந்து வருடமாக என் தொழில். மேலே மாடியில் அழுத்திப் பார்த்த கதையை மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். அதோடு இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முள் பச்சையில் இருந்தால் எல்லாம் சரி என்று பலர் நம்புகிறார்கள். அந்த மீட்டர் அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும். உள்ளே பவுடர் கட்டி தட்டிப்போயிருந்தால், அழுத்தும்போது வாயு நடுவில் வழி பிடித்து வெளியேறிவிடும், பவுடர் அடியிலேயே தங்கிவிடும். ஓர் இடத்தில் பச்சையில் முள் நின்ற சிலிண்டரைத் திறந்து பார்த்தேன், உள்ளே சுண்ணாம்புப் பாறைபோல இறுகிக் கிடந்தது. இன்னோர் இடத்தில் ஹோஸின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்த சிலிண்டர் அது.

நான் பயப்படுவது துருவுக்குத்தான். ஈரத்தரையில் வருடக்கணக்கில் நிற்கும் சிலிண்டரின் அடிவளையம் வெளியே தெரியாமல் அரித்துப்போயிருக்கும். பவுடர் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 15 பார் அழுத்தம் உண்டு, கார் டயரில் இருப்பதைவிட ஆறு ஏழு மடங்கு. அடி விட்டுப்போனால் ராக்கெட்போலக் கிளம்பும். துருப்பிடித்தோ ஒடுங்கியோ இருந்தால் அழுத்திப் பார்க்காதீர்கள், நீங்களே திறக்கவும் முயலாதீர்கள். கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடுங்கள்.

அதே மாதிரி, மலிவாக நிரப்பித் தருகிறேன் என்று எந்தப் பவுடரையாவது கொட்டுபவரிடம் கொடுக்காதீர்கள். அமோனியம் பாஸ்பேட் பவுடரும் சோடியம் பைகார்பனேட் பவுடரும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கலந்தால் வினைபுரிந்து வாயுவும் ஈரமும் உண்டாகி இறுகிப்போகும்.

கார்பன் டை ஆக்சைடு வகையில் பெரும்பாலும் மீட்டரே இருக்காது. உள்ளே திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய மாறாது, அதனால் மீட்டர் வைத்துப் பயனில்லை. எடைதான் கணக்கு. சிலிண்டரில் பொறித்திருக்கும் முழு எடையோடு ஒப்பிட்டு, வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப அனுப்பிவிடுவோம்.

மாதம் ஒருமுறை ரெண்டு நிமிடம் ஒதுக்கினால் நீங்களே பாதியைக் கண்டுபிடிக்கலாம். சீல் அறுந்திருக்கிறதா, ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, அடியில் துரு தெரிகிறதா, முன்னால் ஏதாவது பொருள் மறைக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரின் அழுத்தச் சோதனைக்கான கால இடைவெளி நாட்டுக்கு நாடு, வகைக்கு வகை மாறும். அந்தத் தேதியை ஒட்டுத்தாளில் தேடுங்கள்.

* * *

அண்ணா, கார்பன் டை ஆக்சைடு பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். சின்ன சர்வர் அறையில் ஒயர் புகைந்தபோது நான் அதை அடித்தேன். கருவிகள் மேல் தூள் எதுவும் படியாது என்பதால் அங்கே அதைத்தான் வைத்திருந்தார்கள். இடது கையால் வாயு பீய்ச்சும் கூம்பையே பிடித்துவிட்டேன். வாயு வெளிவரும்போது மைனஸ் 78 டிகிரிக் குளிர், ரெண்டு விரலில் தோல் வெளுத்துக் கொப்புளம் வந்தது. கைப்பிடி தனியாக இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அதோடு, கதவு சாத்தியிருந்ததால் தலை சுற்ற ஆரம்பித்தது. அடித்தவுடன் வெளியே வந்து கதவை மூடியிருக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்தது கடைசியில்தான், முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுதான்.

* * *

தொடங்கியவன் மறுபடி வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை எங்கள் அலுவலகத்தில் இருக்கும் எட்டையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்று அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஒன்றின் சீல் அறுந்து, முள் சிவப்பில். அன்று நான் காலி செய்ததை யாரோ அப்படியே பழைய கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள், ரெண்டு மாதமாக அது அங்கேயே தொங்குகிறது. மூன்றையும் இறக்கிச் சரிபார்த்து நிரப்ப அனுப்பியாகிவிட்டது. திரும்பி வரும்வரை கீழ்த்தளத்திலிருந்து ஒன்றை வாங்கி வந்து அந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறேன்.